பேட்டையிலிருந்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை

பேட்டை, திருநெல்வேலி
18 ஜனவரி 2025

அன்புள்ள ராஜிக்கு,

மெர்வின் எழுதுகிறேன். எந்த மெர்வின் என்று கேட்டுவிடாதே, அந்த அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை.

மூன்று வருடமாக நமக்குள் பேச்சு இல்லை. என் ஒர்க்‌ஷாப்பில் வைத்து, பக்கத்துப் பட்டறை காஜா முகைதீன் அண்ணாச்சி முன்னால், "இந்த மெஷினத் தூக்கிப் போடு மெர்வின், ஆயுசுக்கும் இதுக்கு என்னால முட்டுக் கொடுக்க முடியாது" என்று நீ சொன்னாய். "ஏறிப் போன ஏணிய எட்டி உதைக்காதட்டி" என்று, நீ முதல் நிரல் எழுதிப் பழகியதே அந்த மெஷினில்தான் என்ற நினைப்பில் நான் சொன்னேன். நீ பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். அதை எப்படிச் சரி செய்வது என்று தெரியாததால் நான் சும்மா இருந்துவிட்டேன்.

போன வாரம் ஒரு வேலையாக விக்கிரமசிங்கபுரம் போனபோது உன் அம்மாவைப் பார்த்தேன். "போன எடுக்க மாட்டா தம்பி, என் போனையே எடுக்கதில்ல. எழுதிப் போடுங்க, எழுத்துன்னா படிச்சிருவா" என்று உன் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தார்கள். பிரம்மநாயகி அம்மா சொல்லை நம்பி எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கெர்னலிலிருந்து, கம்ப்யூட்டர்கள் ஃபைல் கேட்டு வாங்கும் பழைய நெறிமுறையை எடுக்கப் போகிறார்கள் என்று இணையத்தில் படித்தேன். அறிவிப்பின் கீழே உன் பெயர். காஜா அண்ணாச்சியிடம் சொன்னபோது, "கெர்னல்னா என்னவே?" என்று கேட்டார். "நம்ம கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள ஓடுத அடித்தளம் அண்ணாச்சி. காசு கிடையாது, உலகம் பூரா ஆளுங்க சேந்து எழுதுதாங்க. கம்பி வழியா ஒரு கம்ப்யூட்டர் இன்னொண்ணுகிட்ட ஃபைல் வாங்குத பாகத்த நம்ம ராஜிதான் பாத்துக்கிடுதா" என்றேன். "நம்ம ராஜிதானவே, அப்ப என்ன பயம்" என்று டீ சொல்லி அனுப்பினார். அவருக்கு உன்மேல் என்னைவிட நம்பிக்கை.

பம்ப் ஷாஃப்ட் கடையும் என் சி.என்.சி. மெஷின் உனக்குத் தெரியும், காஜா அண்ணாச்சியிடம் இருப்பதும் அதே ரகம்தான். ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் உரிய புரோகிராமை அது கம்பி வழியாகத்தான் எடுக்கும், பழைய நெறிமுறையில் மட்டுமே கேட்கத் தெரியும். ஃபிளாப்பி போடும் வாய் 2023 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. பழைய கெர்னலையே வைத்துக்கொள் என்பாய். பம்ப் கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பார்க்க ஆகஸ்டில் ஆடிட் வருவார்கள். கெர்னல் நம்பர் பழையது என்றால் அவர்கள் ஆர்டர் கிடையாது. எனக்கு இருப்பது அந்த ஒரு ஆர்டர்தான்.

ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா? ஒரு வருடம் ஓடினால் வேறு மெஷினுக்கு வழி பண்ணிவிடுவேன். முடியாவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். கெஞ்சுவதாக நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்.

மெர்வின்


டப்ளின்
26 ஜனவரி 2025

மெர்வின்,

உன் கடிதம் வந்தது. மூன்று நான்கு முறை பதில் எழுதி அழித்தேன், அதனால் தாமதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்மேல் உள்ள கோபத்தில் இதைச் செய்வதாக நினைக்காதே. அந்த நெறிமுறையில் ஓர் ஓட்டை இருக்கிறது. கடவுச்சொல் தெரியாதவரும் உள்ளே நுழைந்து கோப்புகளை எடுக்கலாம், மாற்றலாம். அடைக்க முடியுமா என்று ஒரு வருடம் பார்த்தேன். அதன் கட்டுமானமே அப்படி. சுவரே ஓட்டையாக இருந்தால் எதை அடைப்பது? அதை எடுப்பதுதான் சரி. நீ என்ன சொன்னாலும் அது மாறாது. ஆனால் சரியான காரியத்தைக்கூட ஒரு வருடம் கழித்துச் செய்யலாம், அது எனக்கும் தெரியும்.

என்னால் செய்யக்கூடியது ஒன்றுதான், கவனமாகப் படி. எங்கள் வேலை முழுவதும் ஒரு மின்னஞ்சல் பட்டியலில், எல்லோர் கண்முன்னும் நடக்கிறது. எதையாவது எடுக்கப் போகிறோம் என்றால் அங்கே அறிவித்துவிட்டுக் காத்திருப்போம். "நான் பயன்படுத்துகிறேன், எடுக்காதீர்கள்" என்று யாரும் எழுதாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். பட்டியலில் வராத பேச்சு பேசாத பேச்சு.

அதனால் நீ எழுது, காஜா அண்ணாச்சியையும் எழுதச் சொல். இங்கிலீஷ் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எந்த மெஷின், என்ன வேலை, அது நின்றால் என்ன ஆகும் என்று சொந்த வார்த்தையில் இருக்க வேண்டும். பட்டியலின் முகவரிக்கு அனுப்பி, நகலை என் வேலை முகவரிக்குப் போடுங்கள். இரண்டையும் கீழே கொடுத்திருக்கிறேன். உண்மையாகப் பயன்படுத்தும் ஒருவர் எழுதிவிட்டால் போதும், ஒரு வருடம் தள்ளிவைக்கும்படி நானே கேட்பேன். மார்ச் கடைசிவரை காத்திருப்பேன்.

அதுவரை நாம் இருவரும் இதைப் பற்றித் தனியாக எழுதிக்கொள்ள வேண்டாம். நாளைக்கு யாராவது, "சிநேகிதனுக்காகச் செய்கிறாள்" என்று சொன்னால் கேட்டது கிடைக்காமல் போய்விடும்.

அம்மாவைப் போய்ப் பார்த்ததற்கு நன்றி. ஏணி விஷயத்தை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்.

ராஜராஜேஸ்வரி


பேட்டை
12 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ராஜராஜேஸ்வரி அவர்களுக்கு,

போன கடிதத்தில் முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருந்தாய், அதனால் அந்த மரியாதை.

நேற்று புதுக் கெர்னல் இறங்கியது. இன்று காலையில் மெஷினைப் போட்டேன். புரோகிராம் கேட்டது, வரவில்லை. மறுபடி கேட்டது. அப்புறம் பெட்டியே உறைந்துபோய்விட்டது, விசைப்பலகையைத் தொட்டாலும் அசைவில்லை. ஷாஃப்டை மெஷினின் வாயில் மாட்டிவைத்துவிட்டு வேலைக்கு இருக்கும் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். கெர்னலின் மாற்றக் குறிப்பைத் தேடிப் பிடித்தேன். பழைய நெறிமுறை நீக்கப்பட்டது, ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று நீ எழுதியிருக்கிறாய்.

வரவில்லையா?

நீ எழுதச் சொன்ன அந்த வாரமே எழுதினோம். நான் எழுதினேன். காஜா அண்ணாச்சி என் ஒர்க்‌ஷாப் ஸ்டூலில் உட்கார்ந்து, தன் போனில் ஒற்றை விரலால் சாயங்காலம் முழுவதும் தட்டினார். "வயித்துல அடிக்காதிய-ங்கதுக்கு இங்கிலீசுல என்னவே?" என்று கேட்டார். அதை அப்படியே போட வேண்டாம் அண்ணாச்சி என்றேன். "சொந்த வார்த்தையில எழுதச் சொல்லிச்சுன்னு நீதான சொன்ன?" என்று அப்படியே போட்டார். மெஷின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துச் சேர்த்தார், அதற்காக வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். அடுத்த தெருவில் மரம் அறுக்கும் மெஷின் வைத்திருக்கும் சிவசங்கரனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அவனும் எங்களுக்காக ஒன்று போட்டான்.

நீ தனியாக எழுத வேண்டாம் என்றாய். பிப்ரவரி முழுக்க, மார்ச் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது எல்லாம். சரி, பெரிய இடம், மெல்லத்தான் அசையும் என்று நினைத்தோம். காஜா அண்ணாச்சி தினமும் காலையில், "ராஜி பதில் போட்டுச்சா?" என்று கேட்பார்.

எடுப்பதென்று முடிவு செய்திருந்தால் ஜனவரியிலேயே மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எங்களை எழுத வைத்து, எழுதியதைக் கண்ணில் காணாததுபோல் இருந்து, யாரும் எழுதவில்லை என்று ஊருக்குச் சொல்ல வேண்டிய தேவை என்ன? மூன்று வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பெரிய பழியா?

இப்போதைக்குப் பழைய கெர்னலைத் திரும்பப் போட்டு ஓட்டுகிறேன். ஆகஸ்டில் ஆடிட்.

மெர்வின்


டப்ளின்
15 ஜூன் 2025

மெர்வின்,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் பட்டியலைத் தேடினேன். உன் பெயர் இல்லை, காஜா அண்ணாச்சி பெயர் இல்லை, பேட்டை என்ற சொல்லே இல்லை. நீ பொய் சொல்கிறாய் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகுதான் புரிந்தது. எங்கள் பட்டியல் வெறும் எழுத்தாக வரும் கடிதத்தை மட்டுமே ஏற்கும். போனிலிருந்து அனுப்பினால் எழுத்தோடு நிறம், அளவு, அலங்காரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வரும். அப்படி வந்தால் வாசலிலேயே இயந்திரம் திருப்பி அனுப்பிவிடும், மனிதர் யாரும் பார்ப்பதில்லை. போட்டோ வைத்தால் கேட்கவே வேண்டாம். இருபது வருடமாக வெறும் எழுத்தில் எழுதியே பழகியதால், இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. இங்கே எவருக்கும் தோன்றியிருக்காது. திருப்பி அனுப்பிய அறிவிப்பு உங்கள் போனில் எங்காவது கிடக்கும், பார்.

நகல்கள் எனக்கு வந்திருக்கின்றன. வேலை முகவரிக்குப் பட்டியல் வழியாக வராமல் நேரே வருபவை தானாக ஒரு தனி ஃபோல்டருக்குப் போகும்படி எப்போதோ செய்துவைத்தேன். விளம்பரமும் வசைக் கடிதமும்தான் அப்படி வரும். அதை நான் திறப்பதே இல்லை, உங்களை அங்கே நகல் போடச் சொன்னபோது அது நினைவுக்கும் வரவில்லை. நேற்று திறந்தேன். எல்லாம் அங்கே இருந்தன. இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கும் காஜா அண்ணாச்சியைப் பார்த்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. அழுதேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நீ தெரிந்துகொள்.

உனக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். மார்ச் கடைசி வாரம் ஒவ்வொரு நாளும் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. மெர்வின் வேறு வழி பார்த்துவிட்டான், இல்லை என்னிடம் கேட்டது பிடிக்காமல் விட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். நானே போட்ட விதியை நானே மீறக் கூடாதென்று இருந்துவிட்டேன்.

நேற்று எல்லாக் கடிதங்களையும் பட்டியலில் போட்டு, நீக்கியதைத் திரும்பச் சேர்க்கும்படி கேட்டேன். எனக்கு மேலே இருப்பவர் இரவுக்குள் பதில் போட்டார். தன்மையாகத்தான் சொன்னார். இருப்பதை இன்னும் ஒரு வருடம் விட்டுவைப்பது வேறு, ஓட்டை என்று தெரிந்து எடுத்ததை மறுபடி உள்ளே கொண்டுவருவது வேறு, அதற்கு யார் பொறுப்பேற்பது என்று கேட்டார். நான் ஏற்கிறேன் என்றேன். ஓட்டையை அடைப்பாயா என்றார். அடைக்க முடியாது என்றேன். பேச்சு முடிந்தது.

கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களிலும் தேடினேன். அவையும் பழைய நெறிமுறையைக் கைவிட்டுவிட்டன. உன் பம்ப் கம்பெனிக்கு நான் விளக்கி எழுதட்டுமா? அவர்கள் கேட்பார்களா?

மன்னிப்புக் கேட்கிறேன். அது உன் மெஷினுக்கு ஒரு உதவியும் செய்யாது.

ராஜி


பேட்டை
30 ஆகஸ்ட் 2025

ராஜி,

உன் கடிதம் வந்த அன்றே தேடிப் பார்த்தேன். திருப்பி அனுப்பிய அறிவிப்பு போனில் குப்பை அஞ்சலில் கிடந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். உங்கள் ஊரில் பூசாரியே மெஷின் போலிருக்கிறது.

உன்மேல் சந்தேகப்பட்டதற்கு நீயும் என்னை மன்னித்துவிடு. கோபம் இருந்தபோது ஒரு பிடிமானமாவது இருந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை என்றான பிறகு யாரைத் திட்டுவது?

ஆடிட் முடிந்தது. அவர்களுக்கென்று நீ எழுதி அனுப்பிய விளக்கத்தைக் கொடுத்தேன். வந்த பெண் படித்தாள், மெச்சினாள், "எங்க படிவத்தில இதுக்கு இடம் இல்ல சார்" என்றாள். நல்ல பெண்தான். ஆர்டர் போய்விட்டது.

காஜா அண்ணாச்சி ஜூலையிலேயே தன் மெஷினை எடைக்குப் போட்டுவிட்டார். மகன் காயல்பட்டினத்தில் கடை வைத்திருக்கிறான், அங்கே கல்லாவில் உட்காரப் போகிறாராம். அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. "ராஜிய ஒண்ணும் சொல்லாதவே. அது என்ன செய்யும்?" என்றார். அவர் இன்னும் உன் பக்கம்தான்.

நான் செப்டம்பர் கடைசியில் மஸ்கட் போகிறேன். அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆபரேட்டர் வேலை. இருபது வருடம் முதலாளியாக இருந்துவிட்டு, நாற்பத்தோரு வயதில் இன்னொருத்தன் மெஷின் முன்னால் நிற்கப் போகிறேன். வீட்டுக்காரி பயணப் பெட்டிக்கு நல்ல பூட்டு வாங்கி வைத்திருக்கிறாள். என் மெஷினுக்கும் காயலான் கடையில் சொல்லியாகிவிட்டது. வேறு யார் வாங்குவார்கள்? யாரோடும் பேச முடியாத மெஷின்.

எனக்கு அழுகை வரவில்லை. தூக்கம் போய்விட்டது, ஆலயத்துக்குப் போனால் பாட்டில் மனம் நிற்கவில்லை. அவ்வளவுதான்.

இனி நீ எதுவும் செய்ய வேண்டாம். அம்மாவுக்கு அடிக்கடி போன் போடு, அதைச் செய்.

மெர்வின்


டப்ளின்
11 செப்டம்பர் 2025

மெர்வின்,

இந்தக் கடிதத்தை நான் எழுதவே கூடாது. எழுதாமல் இருக்க நாலு நாள் முயன்றேன்.

அந்த நெறிமுறையை எடுத்தபோது நான் ஒரு பிழை செய்திருக்கிறேன். பழைய கருவி ஏதாவது பழைய நெறிமுறையில் வந்து கேட்டால், "இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். என் நிரல் அப்படிச் சொல்லாமல் தடுமாறி, பெட்டி முழுவதையும் உறைய வைத்துவிடுகிறது. ஜூன் கடிதத்திலேயே நீ சொல்லியிருந்தாய். ஃபைல் வராததோடு பெட்டியே உறைந்தது என்று. அது என் கண்ணில் படவில்லை. நான் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது போர்ச்சுகலில் ஒரு கண் ஆஸ்பத்திரியிலிருந்து முறையீடு வந்திருக்கிறது. அங்கே எங்கோ ஒரு மூலையில் யாரும் பயன்படுத்தாத பழைய கருவி ஒன்று, மின்சாரம் வந்ததும் பழக்கத்தில் கேட்கிறது. பெட்டி உறைந்து விழுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் பார்க்க வேண்டிய படங்கள் எல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. எந்தக் கருவி என்று அவர்களுக்கே தெரியவில்லை. அங்கே வைத்துச் சோதிக்க விடவும் மாட்டார்கள்.

திருத்தம் எழுதிவிட்டேன். ஆனால் உண்மையான பழைய மெஷின் ஒன்றில் சோதிக்காமல் ஏற்கமாட்டார்கள். சோதித்தவர் பெயர் திருத்தத்தின் கீழே இருக்க வேண்டும், அதுதான் முறை. என்னிடம் இருப்பது அந்த நெறிமுறையில் பேசுவதுபோல் நடிக்கும் ஒரு நிரல், அது கேட்டால் பெட்டி விழமாட்டேன் என்கிறது. பட்டியலில் கேட்டேன். யாரிடமும் இல்லை. எனக்குத் தெரிந்து மெஷின் உன்னிடம்தான் இருக்கிறது, இன்னும் இருந்தால்.

உன் மெஷினுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. அதற்கு ஃபைல் கிடையாது என்று ஒழுங்காகச் சொல்லும் நிரலை, அதே மெஷினில் போட்டுப் பார்த்துச் சொல் என்று உன்னிடமே கேட்கிறேன். எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரியும். மாட்டேன் என்று சொல். பதிலே போடாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

புதுக் கெர்னலை எங்கிருந்து இறக்குவது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

ராஜி


பேட்டை
16 செப்டம்பர் 2025

ராஜி,

உன் கடிதத்தை முந்தாநாள்தான் பார்த்தேன், லாரி மறுநாள் வருவதாக இருந்தது. காயலான் கடைக்காரரிடம் ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன். முனகினார், ஆனால் பொறுத்தார்.

காஜா அண்ணாச்சி காயல்பட்டினத்திலிருந்து வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஏலே, ஒனக்குக் கிறுக்கா? ஒன் பொழப்புல மண்ணப் போட்ட சாமானுக்கு நீயே வேல செய்யுதியா?" என்றார். உன்னை விட்டுக்கொடுக்காத மனுஷன் முதல் தடவையாக உன் வேலையைத் திட்டினார். "அங்கன ஆஸ்பத்திரியில பெட்டி விழுதாம் அண்ணாச்சி" என்றேன். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பியை மாட்ட வந்தார்.

சோதனை விவரம்:

முதலில் ஜூனில் வந்த கெர்னலைப் போட்டுப் பார்த்தேன். மெஷின் கேட்டது, பெட்டி உறைந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படியே. நீ சொல்லும் பிழை இதுதான்.

பிறகு உன் திருத்தத்தைப் போட்டேன். மெஷின் புரோகிராம் கேட்டது. பெட்டி உடனே மறுத்தது. மெஷின் திரையில் பிழை எண் வந்து நின்றது. பெட்டி விழவில்லை, இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து அதே நேரத்தில் ஃபைல் எடுத்தும் பார்த்தேன், தடையில்லாமல் வந்தது. மெஷினை அணைத்துப் போட்டேன், பாதியில் கம்பியைப் பிடுங்கி மாட்டினேன், சாப்பிடப் போகும்போது கேட்டுக்கொண்டே இருக்கும்படி விட்டுவிட்டும் போனேன். எத்தனை தடவை கேட்டாலும் அதே மறுப்பு, அதே பிழை எண். பெட்டி அசையவில்லை. உன் நிரல் சரியாக வேலை செய்கிறது.

இதையே இங்கிலீஷில், வெறும் எழுத்தாக, கம்ப்யூட்டரிலிருந்து பட்டியலுக்கும் அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை வாசலில் தடுக்கவில்லை. சோதித்தவர் பெயரைப் போட்டுக்கொள். முழுப் பெயர் சூ. மெர்வின் என்று வர வேண்டும், சூசை என் அப்பா.

இன்று காலை லாரி வந்தது. தூக்க வந்தவர், மெஷினில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு நின்றார். "ஓடுத மெஷினாவே இருக்கு. இதையா எடைக்குப் போடுதிய?" என்று கேட்டார். காஜா அண்ணாச்சி வெளியே போய்விட்டார். ஆமாம் என்று சொல்லி நான்தான் சுவிட்சை அணைத்தேன்.

இருபத்தாறாம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து விமானம். இன்னும் ஏதாவது சோதிக்க வேண்டுமென்றால் என்னிடம் கேட்காதே. கேட்டாலும் வழியில்லை, மெஷின் போய்விட்டது.

மெர்வின்